மண்டை ஓட்டுக்குப் பொட்டு வைத்தார்கள்

ஒரு படத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். இதை எங்கள் அதிகாரிக்குப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சிப் பக்கத்தில் கிராம சேவிகாவாக இருந்தேன். ஊர் ஊராகப் போய்ப் புகையில்லா அடுப்பு, சத்துமாவு, குழந்தை வளர்ப்பு என்று பெண்களிடம் பேசுவது வேலை. அது போதாதென்று எனக்குப் படம் வரைய வரும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். நாங்கள் வேதக்காரர்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டும் துணியில் மாடும் மலையும் வரைவது சின்ன வயதிலிருந்து என் பொறுப்பு. பெத்லகேமில் மலை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை வரைந்துவிடுவேன். இதை யாரோ ஆபீசில் சொல்லப்போக, எல்லாப் பிரிவுக்கும் நானே பெயிண்டர் ஆனேன். அதற்குத் தனியாக ஒரு நன்றிகூடக் கிடையாது.

விவசாயப் பிரிவின் அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர் என்பார்கள். இருக்கட்டும். வெள்ளைத் தாளைக் கண்டால் அதில் ஒரு விரல் இடம்கூடச் சும்மா விடக் கூடாது என்ற வியாதி அவருக்கு இருந்தது.

அந்த வருஷம் மணிலா விதைக்கு மருந்து கலந்துதான் விதைக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். வேர்க்கடலையை ஆபீசில் மணிலா என்று எழுதுவோம். ஊரில் அது மல்லாட்டை. உடைத்த பருப்பையும் ஒரு சாம்பல் நிறப் பொடியையும் பானையில் போட்டு, வாயை மூடிக் கட்டிக் குலுக்க வேண்டும். விதை மண்ணில் அழுகாது, முளைப்பு நன்றாக இருக்கும். அது உண்மைதான். ஆனால் பொடியில் இருந்தது பாதரசம். டப்பாவிலேயே விஷம் என்று போட்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாலும் உடம்பிலேயே தங்கி நரம்பைப் பிடிக்கும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். குலுக்கி எடுத்த பருப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிவப்புத் தோலில் தூசி ஒட்டினாற்போல இருக்கும். புடவையில் ஒரு துடை துடைத்தால் அதுவும் போய்விடும்.

இதற்கு விளக்கப்படம் போடச் சொன்னார். நான் மூன்று படம் வரைந்தேன். பானை, பொடி, குலுக்கும் கை. சுற்றிலும் வெள்ளை.

"காலி இடம் எதுக்கும்மா விட்டிருக்கே?"

"கண்ணு போய் நிக்க எடம் வேணும் சார்."

"கண்ணு எதுக்கு நிக்கணும்? படிக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேலே சிவப்பில் 'விதை நேர்த்தி செய்வீர், விளைச்சல் பெருக்குவீர்'. அதன் கீழே ஏக்கருக்கு எவ்வளவு விதை, எவ்வளவு பொடி. நாலு மூலையிலும் நெற்கதிர். மல்லாட்டைக்கு எதற்கு நெற்கதிர் என்று கேட்டேன். அழகுக்கு என்றார். ஓரத்தில் ஒரு ஜோடி மாடு. என் பானை நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிப்போனது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் பானையா பூசணிக்காயா என்று தெரியாது.

"மருந்து கலந்த வெதையத் தின்னக் கூடாதுன்னு எங்க சார் இருக்குது?" என்றேன்.

கடைசி வரியைக் காட்டினார். இடம் போதாமல் எறும்பு ஊர்வதுபோல எழுதச் சொல்லியிருந்தார். "விதைக்கிற விதையை யாரும்மா தின்பா?" என்று சிரித்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஏருக்குப் பின்னால் விதை போடுகிற பெண்கள் தின்பார்கள். என் அம்மா தின்றாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவளோடு போய் நானும் தின்றிருக்கிறேன். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உழுத சாலில் நாலு பருப்பு போட்டால், வாயில் ஒன்று போகும். காலையில் குடித்த கூழ் எவ்வளவு நேரம் தாங்கும்? மடியில் ஒரு கை போட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொண்டுபோவார்கள். செஞ்சியைச் சுற்றி இது தெரியாத நிலத்துக்காரன் கிடையாது. தின்னாமல் இருக்கப் பாட்டுப் பாடச் சொல்லுகிறவர்களும் இருந்தார்கள். பாடுகிற வாய் மெல்லாது அல்லவா. இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அது நிலத்துக்காரர் பார்த்துக்க வேண்டிய விஷயம்மா" என்றார்.

படத்தைச் சிங்கவரம் போகிற வழியில் ஒரு ஊரில் மாட்டினோம். எங்கே? நிலம் உள்ளவர்கள் தெருவில், பள்ளிக்கூடச் சுவரில். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் யாரும் ஏருக்குப் பின்னால் போகிறவர்கள் இல்லை. போகிறவர்கள் காலனியில் இருந்தார்கள். அந்தத் தெருவில் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க அந்தக் காலத்தில் அவர்களை யார் விட்டார்கள்?

அந்தக் காலனியில்தான் என் அண்ணன் வீடு. அண்ணி ஆறு மாதம். ஏற்கெனவே ஒரு பெண்குழந்தை. விதைப்பு வந்துவிட்டால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவளும் ஏருக்குப் பின்னால் போவாள். பெரிய வீட்டுக்காரர் என்று எல்லோரும் சொல்லும் ஒருவர் நிலத்தில்தான் அவளுக்கு வருஷா வருஷம் வேலை. நான் கவலைப்பட்டது ஊருக்காக என்றெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அண்ணியின் வயிற்றுக்காகத்தான்.

நேரே போய்ச் சொன்னேன். "அண்ணி, இந்த வருசம் வெதையத் தின்னாத. மருந்து போட்டிருக்குது."

அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவே இல்லை. "எந்த வருசம் பாப்பா போடல?"

"இன்னாது?"

"நான் வயசுக்கு வந்ததுலேர்ந்து இதத்தான் சொல்லிகினு இருக்கறாரு அந்த ஆண்டை. மருந்து போட்டிருக்குது, தின்னா வயிறு வீங்கி செத்துடுவ. நானும் தின்னுகினுதான் இருக்கேன். வயிறு வீங்கிச்சு, அது உங்க அண்ணன் வீங்க வச்சது."

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது பொய்யி. இது நெசம் அண்ணி."

"வெதப்பு முடிஞ்சதும் மீந்த வெதைய அவரு வூட்டம்மா வறுத்து இடிச்சு உருண்ட புடிக்கறாங்க. அவங்க வூட்டுப் புள்ளைங்க தெருவுல தின்னுகினு திரியுது. மருந்து எங்க வாயுக்கு மட்டுந்தானா?" முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ ஆபீஸ்காரி ஆயிட்ட. இப்ப நீயும் அவருக்குச் சேந்து பேசற."

அது என்னைச் சுட்டது. அவள் மேல் கோபம் வரவில்லை. நான்கு மல்லாட்டையை மிச்சம் பிடிக்க வருஷக்கணக்காகப் பொய் சொன்னவர்கள் மேல் வந்தது. உண்மையான விஷம் வந்த வருஷத்தில் அதைச் சொல்ல ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்கவில்லை அவர்கள். எல்லா வார்த்தையையும் பொய்க்கே செலவழித்துவிட்டார்கள்.

ஆபீசில் போய்க் கத்தினேன். காலனிக்குத் தனிப் படம் வேண்டும் என்றேன். என் தொல்லை தாங்காமல் அதிகாரி இறங்கிவந்தார். அவரே யோசனையும் சொன்னார். பழைய படத்தின் நடுவில் ஒரு மண்டை ஓடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. சிவப்பில்.

"உலகம் பூரா இதுதான்ம்மா விஷத்துக்கு அடையாளம்."

"உலகத்துக்குச் சரி சார். இங்க மலையனூரு கோயிலு பக்கத்துல இருக்குது. மண்ட ஓடுன்னா இவங்களுக்கு அங்காளம்மா."

"நீ கிறிஸ்டியன். உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியாதாம். மாசியில் மயானக்கொள்ளைத் திருவிழாவுக்கு மண்டை ஓட்டை ஏந்திக்கொண்டு அம்மன் வேஷம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஆனாலும் வரைந்தேன். சம்பளக்காரி வேறு என்ன செய்வாள்? காந்தி பஜாரில் வாங்கிய சிவப்புச் சாயத்தில் பாதி அந்த மண்டைக்கே போனது.

காலனியில் வேப்பமரத்தில் படத்தைக் கட்டினோம். பெண்கள் கூடினார்கள். அதிகாரி தஞ்சாவூர்த் தமிழில் கால் மணிநேரம் பேசினார். பேசி முடித்ததும் ஒரு பெண் முன்னால் வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். தன் நெற்றியிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டு மண்டை ஓட்டின் நெற்றியில் வைத்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் வந்து அப்படியே செய்தார்கள்.

"ஆத்தா கொள்ளைக்கு இன்னும் எத்தினி மாசம் இருக்குது, இப்பவே படம் ஒட்டறாங்க" என்றாள் ஒருத்தி.

"வெதைக்குக் காவலா வந்திருக்கறா" என்றாள் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். "நல்லதுதான். இந்த வருசம் நல்லா வெளையும்."

அதிகாரி என் பக்கம் குனிந்து, "பார்த்தியா, கையெடுத்துக் கும்பிடறாங்க. எவ்வளவு பயம் பார்" என்றார். திரும்பி வரும்போது ஜீப்பில் அவருக்கு ஒரே சந்தோஷம். நான் வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேலை போயிருக்கும்.

பிறகு யோசித்தேன். கூடாது என்று சொல்லும் படம் இவர்களிடம் செல்லாது. சொல்லுகிறவன் யார் என்று பார்த்து அதைத் தள்ளிவிடுவார்கள். அண்ணி எதை வைத்துப் பொய் என்று கண்டுபிடித்தாள்? நிலத்துக்காரர் வீட்டில் தின்றார்கள், அதை வைத்து. அப்படியென்றால் காட்ட வேண்டியது அதைத்தான். நிலத்துக்காரரே தன் விதையைத் தின்னாமல், தின்னக் கொடுக்காமல், குழி தோண்டிக் கொட்டி மூடுகிறார். இது ஒன்று போதும். எழுத்து வேண்டாம், பூ வேண்டாம், மாடு வேண்டாம்.

பென்சிலில் வரைந்து அதிகாரியிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நாட்டுல அரிசிக்கு வரிசை நிக்கறாங்க. நீ தானியத்தை மண்ணுல கொட்டற படம் வரையறியா? மேலே யாராவது பார்த்தா என்ன ஆகும்?"

"தானியம் இல்ல சார். வெசம்."

"முடியாதுன்னா முடியாது. அந்த மண்டை ஓடு நல்லாத்தானே வேலை செய்யுது."

புதுத் தாள் தர மாட்டார் என்று தெரியும். காலனியிலிருந்து கழற்றி வந்த அந்தப் படத்தையே எடுத்து, அதன் முதுகில் வரைந்தேன். ஒரு குழி, ஒரு பானை, கவிழ்த்துக் கொட்டுகிற ஒரு ஆள். மேல்துண்டு, குடுமி, தொப்பை. பருப்பு குழிக்குள் விழுகிறது. மிச்சம் முழுக்க வெள்ளை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரம் காய்வதற்குள் ஏர் பூட்டிவிடுவார்கள். படத்தைச் சுருட்டிக்கொண்டு தனியாகக் காலனிக்குப் போனேன். அண்ணி வீட்டு வாசலில் விரித்தேன். ஒன்றும் பேசவில்லை.

அண்ணிதான் முதலில் குனிந்து பார்த்தாள். "இது யாரு? தொப்பையப் பாத்தா நம்ம ஆண்டை மாதிரி இருக்குது."

"குழில இன்னா கொட்றாரு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "மல்லாட்டையா?"

"மல்லாட்டதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "உமியக் கீழ சிந்துனாலே பொறுக்குவாரு அவரு. மல்லாட்டையக் கொட்டி மண்ணப் போடறாராம்."

அண்ணி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். "படத்துல யாரு வேணும்னாலும் கொட்டலாம் பாப்பா. அவரு நெசமா கொட்டட்டும். நான் வெதையத் தொட்டா கேளு."

நான் வரைந்ததில் அது ஒன்றுதான் முதல் பார்வையிலேயே புரிந்த படம். அதையும் நம்பவில்லை. ஆனால் எது நடந்தால் நம்புவேன் என்று அது அண்ணியைச் சொல்ல வைத்துவிட்டது. அதற்குத்தானே படம்.

பெரிய வீட்டுக்காரரின் வீட்டை ஒட்டிய களத்துக்குப் போனேன். எனக்கு நல்ல நேரம், அவருக்குக் கெட்ட நேரம். மருந்து கலந்து வைத்த ஒரு பானை மழையில் நனைந்து, பருப்பு ஊறி முளை தள்ளியிருந்தது. அதைச் சாக்கில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு ஐயா காயுது?" என்றேன். ஆண்டை என்று நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

"வெதைக்கு ஆவாது. செக்குக்கு அனுப்பிடலாம்."

"அது வெசம். ஆட்டுனா எண்ணெயும் வெசம்."

"எனக்கென்னம்மா, செக்குக்காரன் பாடு."

"அந்தச் செக்குலதான உங்க வூட்டுக்கும் எண்ணெ எடுக்கறீங்க?"

அவர் காயவைத்த பருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "டப்பாவுல போட்டிருந்ததை நானும் படிச்சேன்" என்றார். படித்துவிட்டுத்தான் காயவைத்திருக்கிறார்.

"பொதைச்சிடுங்க. வேலைக்கு வரவங்க பாக்கற எடத்துல பொதைங்க."

"அவங்க எதுக்குப் பாக்கணும்?"

"இத்தினி வருசம் நீங்க சொன்ன பொய்க்கு."

முகம் கடுத்துப்போனது. இருந்தாலும் அடுப்படிப் பயம் ஜெயித்தது. மறுநாள் காலையில் பெண்கள் வேலைக்கு வந்து நின்றபோது, களத்து ஓரத்தில் ஆழமாகக் குழி வெட்டி, சாக்கில் பரப்பியிருந்த பருப்பு முழுவதையும் அவரே கொட்டினார். கூலியாளிடம் கொடுத்தால் பாதி எங்கோ போய்விடும் என்று சந்தேகம். கொட்டும்போது அவர் முகம் இழவு வீட்டில் நிற்பவர் முகம்போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அண்ணி கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

மண்ணை மூடி முடித்ததும் அவள் பேசினாள். "ஆண்டை, அப்ப இந்த வருசம் நெசமாவே மருந்துதான்."

"ஆமா."

"நாங்க வெதையத் தொடல. ஆனா வெறும் வயித்தோட ஏரு பின்னாடி வர முடியாது. மருந்து போடாத மல்லாட்ட ஆளுக்கு ரெண்டு கை குடுங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

"இன்னாடி இது புதுப் பழக்கம்?"

"மல்லாட்டைய மண்ணுல கொட்றது மட்டும் பழைய பழக்கமா?"

ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. வேறு ஆளை எங்கே தேடுவார்? முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். அவரவர் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாகச் சந்தோஷமாகப் போனேன்.

அங்கே அதிகாரி என் கையிலிருந்து படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஆபீசைப் பார்வையிட மேலிருந்து யாரோ வரப்போகிறார்களாம். குங்குமப் பொட்டோடு மண்டை ஓடு முன்னால் தெரிய, நான் வரைந்த குழி சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க, ஆணி அடித்து மாட்டினார். அது அங்கேயே கிடந்தது. வந்தவர்கள் பாராட்டியதாகக் கேள்வி.

அடுத்த நாள் விதைப்பு நடக்கிற இடத்துக்குப் போனேன். தூரத்திலிருந்தே அண்ணி தெரிந்தாள். ஏருக்குப் பின்னால் வருகிறாள். கூடையில் கை போகிறது, சாலில் பருப்பு விழுகிறது. வாய் அசைகிறது. எனக்குப் பதறிவிட்டது. சேற்றில் புடவையை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணி, இன்னா பண்ற நீ?"

"கத்தாத. இது கூலி மல்லாட்ட. முந்தானையில இருக்குது. மருந்து கூடையில இருக்குது. எனக்குத் தெரியாதா?"

"எந்தக் கையால தின்ன?"

"சோத்துக் கையாலதான்."

"வெதைய எந்தக் கையால போடற?"

அவள் நின்றாள். வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடி.

எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. இத்தனை பாடு பட்டும் இந்தக் கையை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. கால்வாய்க்கு இழுத்துக்கொண்டு போய், மண் போட்டுத் தேய்த்துக் கையைக் கழுவவைத்தேன். வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். ஏர் ஓட்டுகிறவர் மாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்து நின்றார்.

"தின்னறதுன்னா பீச்சாங்கையால தின்னு" என்றேன்.

"பீச்சாங்கையாலயா? அந்தக் கையால எவளாவது தின்னுவாளா?"

"அப்ப வெதைய அந்தக் கையால போடு."

"போட்டா மொளைக்குமா? ஆண்டை பாத்தாருன்னா தோல உரிச்சுடுவாரு." ஈரக் கையை முந்தானையில் துடைக்கப் போனவள், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் காற்றில் உதறினாள். "ரெண்டும் சோத்துக் கையாலதான் ஆவணும். இதுக்கும் ஒரு படம் போட்டு எடுத்துகினு வா, போ."

"அண்ணி, எனக்கு எரிச்சல் கிளப்பாத."

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? எனக்குப் பசிக்குது. உள்ள இருக்கறதுக்கும் பசிக்குது."

ஏர்க்காரர் நாக்கைத் தட்டினார். மாடுகள் நகர்ந்தன. அண்ணி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். முந்தானை முடிச்சை என் பக்கம் நீட்டினாள்.

"நீதான் ஒண்ணையும் தொடலியே. என் வாயில போட்டுகினே வா. அதுக்குத்தான உனக்கு சம்பளம் குடுக்கறாங்க."

முடிச்சை அவிழ்த்தேன். அவள் விரல் பட்ட மேல் பருப்பை எறிந்தேன். எறிகிறாளே பாவி என்று திட்டினாள். ஆபீஸ் புடவையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சால் ஓரமாக நடந்தேன். அவள் நாலு பருப்பு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். ஒன்று போட்டேன்.